பூனைக்கு ஒரு மெஷின் வாங்கலாமா? - கொள்வனவுக்கு முன் போட வேண்டிய கணக்கு

புறக்கோட்டையில் முப்பது வருடங்களுக்கு மேலாகப் பிளாஸ்டிக் சாமான் விற்கிறேன். பேசின், வாளி, டிபன் பெட்டி, குப்பைக் கூடை என்று என் கையால் போகாத சாமான் குறைவு. ஆனால் பூனையின் மலசலத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத வேண்டி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். சுமார் 23 இலட்சம் ரூபா சம்பந்தப்பட்ட விடயம் இது.

கடந்த ஒக்டோபரில் என் இளைய மகன் குவாங்சோவில் நடக்கும் கன்டன் சந்தைக்குப் போயிருந்தான். வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் ஒக்டோபரிலும், நடக்கும் சந்தை. போன பலரும் அறிவார்கள், மூன்றாம் நாள் காலும் வலிக்கும், கண்ணும் மயங்கும். அப்படி மயங்கிய நேரத்தில்தான் அவன் அந்தப் பெட்டியைப் பார்த்திருக்கிறான். தானாகச் சுத்தமாகும் பூனைக் கழிவுப் பெட்டி. பூனை உள்ளே போய் வேலையை முடித்து வெளியே வரும். சில நிமிடம் கழித்து உள்ளே இருக்கும் உருளை மெதுவாகச் சுழலும். கட்டியான கழிவு சல்லடையில் பிரிந்து கீழே உள்ள டிராயருக்குள் விழும். நல்ல மணல் மீண்டும் தன் இடத்துக்கு வரும். கையால் அள்ள வேண்டியதில்லை.

இரவே போன் வந்தது.

"வாப்பா, ஒண்டு 92 டொலர். 50 எடுத்தா தாறானாம். கொழும்புல அபார்ட்மென்ட் எல்லாத்துலயும் இப்ப பூனைதான். எனக்கு இத மட்டும் செய்யத் தாங்க."

'எனக்கு' என்று அவன் சொன்னதில்தான் விடயம் இருந்தது. கடை என்னுடையது, சாமான் என் தெரிவு, கடன் கொடுப்பவர்கள் என் முகத்துக்குக் கொடுக்கிறார்கள். அவனுக்கு இருபத்தாறு வயது. தன் சொந்தத் தீர்மானம் என்று ஒன்று வேண்டும் என்று நினைக்கிறான். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொன்னால் பெட்டியோடு சேர்த்து அவன் மனதையும் உடைத்துவிடுவேன். சரி என்று சொன்னால், ரமழானுக்குச் சாமான் இறக்க ஒதுக்கி வைத்த சல்லி போய்விடும். "ஓடர் கொடுக்காதே மகன், ரெண்டு சாம்பிள் மட்டும் எடுத்து வா" என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் எடுத்து வந்தான்.

இந்தச் சாமான் எங்கிருந்து வந்தது?

ஒரு சாமானை விற்க முன் அதன் வம்சத்தைப் பார்ப்பது என் வழக்கம். இதன் கதை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்குகிறது. 1947 இல் கெஸொபொலிஸ் என்ற சிற்றூரில் எட் லோ என்ற இளைஞர் இருந்தார். அவருடைய குடும்பத் தொழில், தொழிற்சாலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சும் மரத்தூள், களிமண் போன்றவற்றை விற்பது. அந்தக் காலத்தில் பூனை வளர்த்தவர்கள் தட்டில் மணலோ சாம்பலோதான் போட்டார்கள். பூனையின் காலில் சாம்பல் ஒட்டி வீடெல்லாம் தடம் பதியும். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் வந்து கொஞ்சம் மணல் கேட்டபோது, எட் லோ மணலுக்குப் பதிலாகத் தன்னிடமிருந்த உறிஞ்சும் களிமண் மணிகளைக் கொடுத்தார். அந்தப் பெண் திரும்பி வந்து அதையே கேட்டார். உடனே எட் லோ ஐந்து இறாத்தல் பைகளில் நிரப்பி, 'கிட்டி லிட்டர்' என்று எழுதி, 65 சதத்துக்கு விற்கக் கடைக்குக் கொண்டு போனார். சும்மா கிடைக்கும் மணலுக்கு யார் காசு கொடுப்பார் என்று கடைக்காரர் கேட்டார். அப்படியானால் இலவசமாகவே கொடுங்கள் என்று பைகளை அங்கேயே விட்டு வந்தார். வாங்கிப் போனவர்கள் பிறகு காசோடு வந்தார்கள். 1990 இல் அந்த வியாபாரத்தை அவர் விற்றபோது கிடைத்தது சுமார் 20 கோடி டொலர்.

அவர் விற்றது பெட்டி அல்ல, பெட்டிக்குள் போடும் மண். பெட்டியை ஒருவர் ஒரு தடவைதான் வாங்குவார். மண்ணை மாதாமாதம் வாங்குவார். மகனுக்கு இதைத்தான் முதலில் சொன்னேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டே "ம்ம்" என்றான்.

பிறகு 1980களில் நனைந்தால் கட்டியாகும் பெண்டொனைட் களிமண் பாவனைக்கு வந்தது. கட்டியை மட்டும் அள்ளிப் போட்டால் போதும், மீதி மணல் அப்படியே இருக்கும். இந்தக் கட்டியாகும் மண் இருப்பதால்தான் சுழன்று சலிக்கும் மெஷின் சாத்தியமானது. 1990களில் சீப்பு போன்ற கம்பியால் வாரும் பெட்டிகள் வந்தன. 2000 ஆம் ஆண்டில், அதே மிச்சிகனிலிருந்து, உருளை சுழலும் 'லிட்டர் ரொபோட்' வந்தது. அதன் நான்காவது மொடல் 2022 இல் வந்தது, அதன் விலை 699 டொலர் வரை இருந்தது. டொலர் 300 ரூபா என்று வைத்தாலே இரண்டு இலட்சத்துக்கு மேல், கப்பல் கூலியும் வரியும் வேறு. குழாய்த் தண்ணீரில் தானே கழுவிக் காய வைக்கும் 'கெட் ஜீனி' என்ற ஒன்றும் உண்டு. அதற்குச் சவர்க்காரத் திரவம் அடைத்த கார்ட்ரிட்ஜ் வேண்டும். அந்தக் கார்ட்ரிட்ஜில் ஒரு சிப் இருக்கும். முடிந்தால் கொம்பனியின் கார்ட்ரிட்ஜையே திரும்ப வாங்க வேண்டும், வெளியில் வாங்கி நிரப்பினால் மெஷின் ஏற்றுக்கொள்ளாது. கம்பியூட்டர் பிரின்டரின் மையில் நாம் பட்ட அதே பாடு. விற்பவருக்கு இனிப்பு, வாங்குபவருக்குக் கசப்பு. கொம்பனி ஒருநாள் கார்ட்ரிட்ஜ் அனுப்புவதை நிறுத்தினால் இங்கே விற்ற கடைக்காரன்தான் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டுக் கணக்கு

எங்கள் வீட்டில் மூன்று பூனைகள். மகள் கொண்டு வந்தவை. அவளுக்குக் கல்யாணமாகி மருமகனும் அவளும் எங்களோடு மேல் மாடியில்தான் இருக்கிறார்கள். பூனை வீட்டுக்குள் திரிவதில் நமக்குச் சங்கடமில்லை, அது வாய் வைத்த தண்ணீரும் அசுத்தமாகாது என்பதை எல்லோரும் அறிவோம். ஆனால் அதன் கழிவு நஜீஸ்தான். தொழும் இடத்துக்குப் பக்கத்தில் வாடை அடித்தால் என் மனைவி சும்மா இருக்கமாட்டா.

சாம்பிள் ஒன்றை வீட்டில் வைக்க முன் நானும் மகனும் கணக்குக் கொப்பியை எடுத்து உட்கார்ந்தோம். கையால் அள்ள ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஐந்து ஐந்து நிமிடம். வருடத்துக்குச் சுமார் 60 மணித்தியாலம். மெஷின் வந்தால் இந்த 60 உம் மிச்சம் என்றான் மகன். இல்லை. மூன்று பூனைக்கு டிராயர் மூன்று நாளில் நிறையும், அதைக் கொட்டிப் பை மாற்ற வேண்டும். மாதம் ஒரு தடவை உருளையைக் கழற்றிக் கழுவ முக்கால் மணித்தியாலம் போகும். இரண்டையும் கூட்டினால் வருடத்துக்கு 20 மணித்தியாலம். ஆகவே உண்மையில் மிச்சம் 40 மணித்தியாலம்தான்.

இனிச் செலவைப் பார்ப்போம். பெட்டியை 68,000 ரூபாவுக்கு விற்க எண்ணினோம். பைக்கும் வாடை பிடிக்கும் பில்டருக்கும் மாதம் 1,000. மூன்று வருடத்துக்கு 36,000. மொத்தம் 104,000. மூன்று வருடத்தில் மிச்சமாகும் நேரம் 120 மணித்தியாலம். வகுத்துப் பார்த்தால் மணித்தியாலம் ஒன்றுக்கு ஏறக்குறைய 867 ரூபா கொடுத்து நேரத்தை வாங்குகிறோம். பழுதுச் செலவு இதில் இல்லை.

ஏற்கனவே கட்டியாகும் மண் பாவிக்கிற வீட்டுக்கான கணக்கு இது. நாங்கள் மொரட்டுவை மர ஆலையிலிருந்து வரும் மரத்தூளைப் பாவித்தோம், மூடைக்கு ஏற்றுக் கூலி மட்டும்தான். மரத்தூளையோ கடற்கரை மணலையோ இந்த மெஷினில் போட முடியாது. கட்டியாகாத எதையும் சல்லடை பிரிக்காது. எனவே பெட்டியை வாங்கியவர் மண்ணையும் வாங்கியே ஆக வேண்டும். நான் விசாரித்த கடையில் 10 கிலோ பை 3,000 ரூபா. எங்கள் மூன்று பூனைக்கும் மாதம் 15 கிலோ, அதாவது 4,500 ரூபா. வருடம் 54,000. மெஷினின் விலையைப் பார்த்துத் தயங்குகிறவர் இந்தத் தொகையைப் பார்ப்பதில்லை. வாகனம் வாங்கும்போது நாம் பெற்றோல் கணக்கைப் பார்க்கிறோம். பெட்டி வாங்கும்போது மண் கணக்கைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

இதைக் கேட்டு, அப்படியானால் இது வேண்டாத சாமான் என்று முடிவு செய்ய வேண்டாம். வெள்ளவத்தையில் ஆறாம் மாடியில் இருந்துகொண்டு, கணவனும் மனைவியும் காலையில் போய் இரவில் திரும்பும் வீட்டில் மணித்தியாலத்துக்கு 867 ரூபா பெரிய தொகை அல்ல. குனிய முடியாத முதுகு வலிக்காரருக்கு அது மலிவு. எனக்கு, வீட்டில் மரத்தூளும் ஆளும் இருக்கும்போது, அது விலை கூடியது. சாமான் ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். வாங்குபவரின் நிலைமைதான் வேறு.

மகளின் விடயம்

கணக்கு முடிந்த இரண்டாம் கிழமை மகள் கர்ப்பமாக இருப்பது தெரிய வந்தது, அல்ஹம்துலில்லாஹ். மகன் உடனே, "பாத்தீங்களா வாப்பா, இப்பதான் மெஷின் கட்டாயம் வேணும். தாத்தா இனி அள்ள ஏலாதே" என்றான். அவன் சொன்னதில் பாதி சரி.

பூனையின் மலத்தில் டொக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். கர்ப்பிணிக்கு அது தொற்றினால் வயிற்றுப் பிள்ளைக்குப் பாதிப்பு வரலாம். அதனால்தான் கர்ப்ப காலத்தில் பூனைக் கழிவை வேறு யாராவது அள்ள வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பூனை கழித்த உடனே அது தொற்றாது. அந்த முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் வரை செல்லும். அதனால்தான் தினமும் அகற்றச் சொல்கிறார்கள். மெஷின் என்ன செய்கிறது? கழிவை அகற்றவில்லை, டிராயருக்குள் சேர்த்து வைக்கிறது. மூன்று நாள், ஒரு பூனை உள்ள வீட்டில் ஒரு கிழமை. அதைத் திறந்து கொட்டுவது கர்ப்பிணியாக இருந்தால் நிலைமை முன்னையதை விட மோசம். மெஷின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேறொருவர்தான் கையுறை போட்டு அந்த வேலையைச் செய்ய வேண்டும். மருமகன் தானே முன்வந்தார். இப்போது காலையில் அலுவலகம் போக முன் அதுதான் அவருடைய முதல் வேலை.

இன்னொன்றும் அப்போது புரிந்தது. தினமும் கையால் அள்ளுபவருக்கு, பூனை சிறுநீர் கழித்ததா இல்லையா என்பது தெரியும். ஆண் பூனைக்கு நீரடைப்பு வந்தால் அது அவசர நிலை, ஒன்றிரண்டு நாளிலேயே உயிர் போகலாம். டிராயருக்குள் மறைந்துவிட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள். விலை கூடிய மொடல்கள் பூனையின் நிறையையும் எத்தனை தடவை வந்தது என்பதையும் போனுக்கு அனுப்புகின்றன. எங்கள் 92 டொலர் பெட்டி அப்படியெல்லாம் ஒன்றும் அனுப்பவில்லை.

சாம்பிள் சொன்னது

பெட்டியைச் சாப்பாட்டறைக்குப் பின்னால் வைத்தோம். நடு வயதுப் பெண் பூனை இரண்டாம் நாளே போனது. கிழட்டுக் கடுவன் மோட்டார் சத்தம் கேட்டதும் பாய்ந்து ஓடி, அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை, என் செருப்புக்குப் பக்கத்தில்தான் போனது. மூன்றாவது குட்டி. நிறை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அது உள்ளே ஏறியதைப் பெட்டியின் சென்சர் அறியவில்லை. 'லிட்டர் ரொபோட்' போன்ற பெரிய கொம்பனிகளே மூன்று இறாத்தலுக்கு, அதாவது சுமார் 1.4 கிலோவுக்குக் குறைந்த குட்டிக்குத் தானியங்கி முறையைப் போட வேண்டாம் என்கின்றன. மலிவு மொடல்கள் சிலவற்றில் கதவு மூடும்போது பூனை சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருப்பதாக 2024 இல் பல நாடுகளில் எச்சரிக்கைகள் பரவின. குட்டி உள்ளே இருக்கும்போது உருளை அசையத் தொடங்கியதை மகனே கண்ணால் கண்டான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாயில்லாப் பிராணியின் உயிருக்கு நாம் பொறுப்பாளியாகக் கூடாது என்பதை அவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மின்சார விடயத்தையும் சொல்ல வேண்டும். இவ்வகைப் பெட்டிகள் பெரும்பாலும் அடெப்டரில்தான் ஓடுகின்றன. அமெரிக்காவில் 120 வோல்ட், நம் நாட்டில் 230. அடெப்டரில் 100-240 என்று எழுதியிருந்தால் பயமில்லை. 120 என்று மட்டும் இருந்தால் சொருகிய உடனே புகைதான். பிறகு மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டியதை யாரும் மறந்திருக்கமாட்டோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாகச் சொல்லி நாடே இருண்டது. உருளை பாதி சுழன்று நிற்கும்போது கரண்ட் போனால் வாசல் மேலே இருக்கும், பூனை உள்ளே போக முடியாது. அது தன் வேலையை உங்கள் கம்பளத்தில் முடித்துக்கொள்ளும். பழைய தட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்திருக்கத்தான் வேண்டும்.

கடைக் கணக்கு

50 பெட்டிகள். ஒன்று 92 டொலர். கப்பல் கூலி, வரி, 18 வீத வற், கிளியரிங் எல்லாம் சேர்த்து எங்கள் கடை வாசலுக்கு வரும்போது ஒன்று சுமார் 47,000 என்று வந்தது. 50 க்கு 23 இலட்சத்து 50 ஆயிரம். ஒரு பெட்டி நம் மார்பளவு இருக்கும் பார்சல். 50 உம் ஏறக்குறைய 14 கன மீட்டர், 20 அடி கொள்கலனில் பாதி. புறக்கோட்டையில் களஞ்சிய வாடகை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. போனோடு இணைக்கும் வைஃபை உள்ள மொடல் என்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டும். அதை எடுக்காமல் இறக்கிவிட்டுத் துறைமுகத்தில் தாமதக் கட்டணம் கட்டியவர்களை நான் அறிவேன்.

68,000 க்கு விற்றால் ஒன்றுக்கு 21,000 இலாபம். மகனின் கண்ணில் தெரிந்தது பத்தரை இலட்சம். என் கண்ணில் தெரிந்தது பழுதாகித் திரும்பி வரும் பெட்டி. ஒன்று திரும்பி வந்து வேறொன்று கொடுத்தால் 47,000 நட்டம். இரண்டுக்கு மேற்பட்ட பெட்டிகளின் இலாபம் அதோடு போய்விடும். ஐம்பதில் ஆறு திரும்பினால்?

இதை ஊகித்துச் சொல்லவில்லை. 1998 இல் ரொட்டி மாப் பிசையும் சிறிய மெஷின் 60 இறக்கினேன். அழகான சாமான். 41 விற்றது. நான்கு மாதத்தில் உள்ளே இருந்த பட்டி அறுந்து ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கியது. அனுப்பியவருக்கு எழுதினேன், அந்த மொடல் நிறுத்தப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. பஞ்சிகாவத்தையில் தேடிக் கார் பட்டியை வெட்டிப் போட்டுப் பார்த்தோம், சரிவரவில்லை. பக்கத்துக் கடை ஹாஜியார், "சாமான் சீனாக்காரன் செஞ்சாலும் ஏச்சு ஒங்களுக்குத்தான்" என்று சிரித்தார். மீதி 19 மெஷினையும் இரும்புக்குப் போட்டேன். அந்தக் கதையை மகனுக்கு நான் அதுவரை சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. அன்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத முந்தியே சொல்லியிருக்கலாமே வாப்பா" என்றான். அதுவும் நியாயம்தான்.

பிறகு அவனே உட்கார்ந்து தொழிற்சாலைக்கு எழுதினான். 50 வேண்டாம், 10 தருவீர்களா, ஒவ்வொரு பத்துக்கும் இரண்டு மோட்டாரும் இரண்டு அடெப்டரும் ஒரு கொன்ட்ரோல் போர்டும் தனியாகத் தருவீர்களா, நிறை குறைந்த குட்டியைச் சென்சர் அறியாததற்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டான். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. பத்துக்கு விலை 118 டொலர், மோட்டார் தரலாம், போர்ட் தனியாக இல்லை. சென்சர் கேள்விக்குப் பதிலே இல்லை. அந்தக் கடிதத்தை அவன் ஒருமுறை வாசித்தான், பிறகு அச்சிட்டுக் கோப்பில் போட்டான். ஓடர் போகவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இப்போது அவன் ஓடித்திரிவது மண்ணுக்காக. கட்டியாகும் கெட் லிட்டர் ஐந்து தொன் கொண்டு வந்து, 5 கிலோ பைகளில் அடைத்து, தெஹிவளை, வெள்ளவத்தை அபார்ட்மென்ட் வீடுகளுக்கு மாதாமாதம் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று பார்க்கிறான். அதிலும் சிக்கல் இல்லாமலில்லை. பாரம் கூடியது, கப்பல் கூலி விலையைத் தின்றுவிடும், நம் காற்றில் பை கொஞ்சம் பிரிந்தாலும் ஈரம் பிடிக்கும். நம் நாட்டுத் தும்புச் சோற்றையும் மரத்தூளை அழுத்திய குளிசையையும் இதற்கு எடுக்கலாமா என்று இரண்டு ஆலைகளிடம் மாதிரி கேட்டிருக்கிறான். மரத்தூள் குளிசை நனைந்தால் கட்டியாகாது, பொடியாகும். அதற்குத் துளையுள்ள தட்டு வேண்டும். தட்டு என்றால் எங்கள் கடையிலேயே வார்க்கலாம், அதற்கு மெஷினும் வேண்டாம் மோட்டாரும் வேண்டாம்.

சாம்பிள் இரண்டில் ஒன்று எங்கள் வீட்டில் பிளக் இல்லாமல் இருக்கிறது, பெண் பூனை அதற்குள் தூங்குகிறது. மற்றதை, பெரிய பூனை ஒன்று மட்டும் வளர்க்கும் ஒரு வாடிக்கையாளர், குட்டியைப் பற்றிய விடயத்தையும் பழுதானால் சாமான் இல்லை என்பதையும் சொல்லியும் விடாப்பிடியாகக் கேட்டு எடுத்துப் போனார். நன்றாக வேலை செய்கிறதாம், அவருடைய முதுகு வலிக்குப் பெரிய உதவியாம். பணம் மட்டும் இன்னும் வரவில்லை.